குட்டையா, நெட்டையா?

"மறுபடியும் குட்டை வண்டியா? பட்டும் புத்தி வரலையாப்பா உங்களுக்கு?"

வண்டி விற்கும் இடத்தில் வெர்லினின் மகன் கிர்க் போட்ட சத்தத்தில், பக்கத்துக் கடையில் டயர் மாற்றக் காத்திருந்த நாங்கள் நாலு பேரும் காப்பிக் கோப்பையோடு வெளியே வந்துவிட்டோம். வேடிக்கை இலவசம் என்றால் நெப்ராஸ்காவில் யார் விடுவார்கள்?

வெர்லின் ஒரு நீல பிக்கப்பைத் தடவிக்கொண்டு நின்றான். பின்னால் சாமான் ஏற்றக் குட்டைத் தொட்டி. பக்கத்திலேயே வெள்ளையில் நெட்டைத் தொட்டி வண்டி. அதை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் மனைவி லவோன் கைப்பையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வண்டி விற்கும் பெண் ஊருக்குப் புதுசு.

"குட்டைன்னா ஊருக்குள்ள சுலபமாத் திரும்பும் சார். ஆனா நீங்க குதிரை ட்ரெய்லரைத் தொட்டிக்கு நடுவுல மாட்டுறவங்க. ரொம்ப ஒடிச்சுத் திருப்பினா ட்ரெய்லரோட மூக்கு வந்து..."

"பின் கண்ணாடியை உடைக்கும்!" என்று நாங்கள் நாலு பேரும் சேர்ந்து முடித்தோம்.

"யாருக்கும்மா பாடம் எடுக்கறே? எங்க வெர்லின் அதுல டாக்டர் பட்டம் வாங்கினவன்!" என்றேன் நான்.

எங்கள் தலையில் முடி இருந்த காலத்துக் கதை அது. திருவிழா மைதானத்தில், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் டமார் என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், வெர்லினின் குட்டை பிக்கப்புக்குப் பின் கண்ணாடியே இல்லை. அசடு வழிய ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான்.

அன்றிலிருந்து அவன் பெயர் 'காத்தோட்டம்'. ஒவ்வொரு திருவிழாவிலும் கண்ணாடி துடைக்கிற பாட்டிலுக்கு ரிப்பன் கட்டி, மேடைக்குக் கூப்பிட்டுப் பரிசு கொடுப்போம். அவனும் தொப்பியைக் கழற்றி வாங்கிக்கொள்வான்.

அதே வண்டியில்தான் லவோன் சனிக்கிழமைதோறும் ஊர்ப் பெண்பிள்ளைகளின் குதிரைகளை ரோடியோ என்கிற குதிரைப் போட்டிக்கு இழுத்துப் போவாள். என் மகளும் அதில் ஒருத்தி. முன் சீட்டில் பிள்ளைகள் ஒருத்தி மேல் ஒருத்தி, யார் மடியிலாவது பீச் பழப் பலகாரம். பொழுது சாயும்போது சரளைச் சாலையில் புழுதி கிளம்பும். வண்டி கண்ணில் படுவதற்கு முன்னாலேயே அவர்கள் பாடுவது கேட்டுவிடும். இன்றைக்கு என் மகள் டென்வரில் ஏதோ ஆபீசில் இருக்கிறாள். சனிக்கிழமை பொழுது சாய்ந்தால் நான் இப்போதும் அந்தச் சாலையைத்தான் பார்ப்பேன்.

"பழைய வண்டி மாதிரியே இருக்குடா. அதான்..." என்று இழுத்தான் வெர்லின்.

"வர்ற சனிக்கிழமை என் பொண்ணு மேடிக்கு முதல் ரோடியோப்பா. விளையாட்டு இல்ல" என்றான் கிர்க்.

வெர்லினுக்கா அது தெரியாது? 'பேத்தி குதிரையை நான்தான் இழுத்துட்டுப் போறேன்' என்று ஒரு மாதமாகக் காப்பிக் கடையில் எங்கள் காதைத் தின்றுகொண்டிருந்தான். ட்ரெய்லருக்குப் புதுப் பெயிண்ட்கூட அடித்துவிட்டான்.

"நெட்டையை வாங்குங்க" என்றான் கிர்க். "அதையும் அம்மா ஓட்டட்டும். நீங்க பக்கத்துல உக்காந்து வாங்க. உங்களை நம்பி என் பொண்ணு குதிரையை அனுப்ப முடியாது."

எங்கள் சிரிப்பு நின்றுபோனது. ஆயிரம் கேலி பேசுவோம், ஆனால் இப்படி ஒரு வார்த்தையை நாங்கள் சொன்னதில்லை.

வெர்லின் வண்டியிலிருந்து கையை எடுத்தான்.

"சரிப்பா. அம்மா நல்லா ஓட்டுவா" என்றான்.

லவோன் கைப்பையை பானெட் மேல் தொப்பென்று வைத்தாள்.

"போதும் வெர்லின். கிர்க், அன்னிக்கு வண்டியை ஓட்டினது உங்கப்பா இல்ல. நான்."

"அம்மா?"

"சத்தம் கேட்டு இவங்கல்லாம் ஓடி வர்றதுக்குள்ள, உங்கப்பா ஏறி வந்து என்னைப் பக்கத்து சீட்டுக்குத் தள்ளிட்டு ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டார். எனக்கு ரெண்டு நாள் தலை சீவினா கண்ணாடித் தூளாக் கொட்டுச்சு."

"லவோன், விடேன்" என்றான் வெர்லின்.

"நீ சும்மா இரு. 'நீ ஓட்டினேன்னு தெரிஞ்சா எவன் தன் பொண்ணோட குதிரையை உன்கூட அனுப்புவான்? வாயைத் திறக்காதே'ன்னார். இன்னிக்கு வரைக்கும் திறக்கலை." எங்கள் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்க. அனுப்பியிருப்பீங்களா?"

அனுப்பியிருக்க மாட்டோம். பொம்பளைக்கு எதுக்கு ட்ரெய்லர் என்று அதே காப்பிக் கடையில் பேசிக்கொண்டிருந்தவர்கள்தானே நாங்கள்! மகளின் பாட்டும் இல்லை, சனிக்கிழமையும் இல்லை என்றாகியிருக்கும்.

கிர்க் அப்பா பக்கம் திரும்பினான்.

"அம்மா பண்ணின தப்பை இத்தனை வருஷம் நீங்க ஏம்பா சுமந்தீங்க?"

வெர்லின் நிஜமாகவே புரியாமல் மகனைப் பார்த்தான்.

"அவ தப்பா? உள்ள உக்காந்திருந்தவளுக்குப் பின்னால என்னடா தெரியும்? கீழே நின்னுக்கிட்டு 'ஒடி, ஒடி, இன்னும் ஒடி'ன்னு கத்தினவன் நான்தானே!"