ஜாடியைச் சுற்றி ஒரு குடும்பம்

எல்லோரும் கை கோத்தாகிவிட்டது. அப்பாவும் பெரியப்பாவும் மட்டும் அடுத்தடுத்து நின்றுகொண்டு ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள்.

சுவரில் இருந்த படத்தில் அப்படி ஓர் இடைவெளி இல்லை. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த பழைய படம். பொய்முடி வைத்த பெரிய மனிதர்கள் வட்டமாகக் கை கோத்து, ஒரு கண்ணாடி ஜாடியிலிருந்து மின்சாரம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மின்சாரம் விளக்கெரிக்கப் பழகாத காலம். ஆட்களைத் துள்ள வைப்பதுதான் அப்போது அதற்கு உத்தியோகம்.

அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட பழைய படங்களுக்கான கூடத்தை அமைத்தவள் அந்த அப்பாவின் மகள்தான். அதே வட்டத்தை உயிருள்ள ஆட்களை வைத்துப் புகைப்படம் எடுத்து வாசலில் மாட்ட வேண்டும் என்று மேலதிகாரியிடம் சொல்லி, சொந்தக்காரர்களைத் திரட்டியிருந்தாள்.

புகைப்படம் எல்லாம் ஒரு சாக்கு. அந்த இரண்டு கைகளும் சேர வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணன் தம்பி இருவரும் லைன்மேன்கள். பல வருஷங்களுக்கு முன்பு, பெரியப்பா கம்பத்தில் இருக்கும்போதே, கீழே அப்பா அவசரப்பட்டு மெயினைப் போட்டுவிட்டார். பெரியப்பா பிழைத்துக்கொண்டார். பேச்சு வார்த்தைதான் பிழைக்கவில்லை.

“வட்டம் மூடலேன்னா கரன்ட் ஓடாது பெரியப்பா. உங்களுக்குத் தெரியாததா?”

சொல்லிவிட்டு, ஜாடிக்கு மின்சாரம் ஏற்றும் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றினாள். கண்ணாடிச் சக்கரம் கடகடவென்று ஓடியது. ஜாடியைப் பிடித்திருந்த அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பெரியப்பா இயந்திரத்தை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, தழும்பேறிய கையைத் தம்பி பக்கம் நீட்டினார்.

அப்பா அந்தக் கையை மட்டுமே பார்த்தார். பிடித்த பிடியில் அவர் விரல்கள் வெளுத்துப்போயின.

வட்டத்தின் மறுமுனையில் நின்ற மாமா, ஜாடியின் பித்தளைக் குமிழைத் தொட்டார்.

முதலில் துள்ளியது பெரியப்பாதான். அவர் போட்ட அலறலில் அப்பா துள்ள, அப்பா இழுத்த இழுப்பில் சித்தி துள்ள, வட்டம் மொத்தமும் குதித்து அடங்கியது. புகைப்படக்காரர் எடுத்துத் தள்ளினார். பிறகு ஒரே சிரிப்பு.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

“அண்ணே, ரொம்ப அடிச்சிடுச்சா?”

இத்தனை வருஷமாகத் தொண்டையில் நின்ற கேள்வி. பெரியப்பா இல்லையென்று தலையாட்டினார். அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. குடும்பத்தில் யாராலும் ஆகாததைச் சாதித்துவிட்டாள்.

அதுவும் ஒரு துளி மின்சாரம் இல்லாமல். இயந்திரத்தையும் ஜாடியையும் இணைக்கும் சங்கிலியைக் காலையிலேயே கழற்றி மேசைக்கடியில் போட்டிருந்தாள். ஒரு தடவை அடிபட்ட மனிதருக்கு மறுபடியும் கொடுக்க மனசு வரவில்லை. கைகள் சேர்ந்தால் போதும், இயந்திரம் பழுது என்று சொல்லிச் சமாளித்துவிடலாம் என்றிருந்தாள். பயத்திலேயே துள்ளுவார்கள் என்று யார் கண்டது?

கிளம்பும்போது பெரியப்பா அவள் பக்கம் வந்தார். ஒரு கை இன்னும் தம்பியின் கையில் இருந்தது. குனிந்து மறுகையால் அந்தச் சங்கிலியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“யார் காலிலயாவது மாட்டிக்கப்போகுதும்மா. உள்ள வரும்போதே பார்த்தேன்” என்றார்.