ஓர் இழை போதும்

மீட்டர் கத்தியது.

"கேட்டுச்சா எல்லாருக்கும்? எர்த்து கல்லு மாதிரி இருக்கு" என்றான் ஃபோர்மேன், சலவைக்கூடம் முழுக்கக் கேட்கும்படி.

மீட்டரின் ஒரு முனை துணி துவைக்கும் பெரிய மெஷினின் உடம்பில் இருந்தது. இன்னொரு முனை சுவரோரத்து எர்த் பட்டையில். இரண்டையும் இணைப்பது பச்சை உறை போட்ட ஒரு கம்பி. மெஷினில் மின்சாரம் கசிந்தால் அதை மண்ணுக்குள் கொண்டுபோய்த் தொலைக்க வேண்டியது அந்தக் கம்பிதான். பழைய கட்டிடம், வேறு காவல் கிடையாது.

தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று நேற்று புகார் சொன்னவள், அந்த மெஷினை ஓட்டுகிற பெண். இஸ்திரி போடும் நாலைந்து பேரோடு அவளும் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எல்லோருக்கும் பின்னால் நின்றேன், ஒரு கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு.

அந்தக் கம்பிக்குள் ஏழு இழைகள். அவற்றில் ஆறு அறுந்திருந்தது எனக்குத் தெரியும்.

மீட்டர் கத்துவதற்கு ஓர் இழை போதும். அது அனுப்புவது எறும்பு அளவு கரண்ட். ஒற்றையடிப் பாதையில் எறும்பு போய்விடும், லாரி போகுமா? மெஷினுக்குள் இருக்கும் ஹீட்டர் பழுதாகி நிஜமான கரண்ட் கிளம்பி வந்தால், மிச்சமிருக்கும் அந்த இழை எரிந்து போகும். அப்புறம் மெஷினின் உடம்பு முழுக்க மின்சாரம்தான்.

ஹீட்டர் பழுதாகித்தான் இருந்தது, நேற்று அவளைச் சுருக்கென்று இழுத்ததும் அதனால்தான். நேற்று மாலை நான்தான் சோதித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஃபோர்மேனுக்குக் கீழே வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் நான். எனக்கு இங்கே பெயர் நாலு ஓம்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சுருளை மீட்டரில் வைத்துப் பார்த்தேன். தடை நாலு ஓம் காட்டியது. இருநூற்று முப்பது வோல்ட்டை நாலால் வகுத்து, ஐம்பத்தேழு ஆம்பியர் இழுக்கும், சுருள் போச்சு, தூக்கிப் போடுங்கள் என்று ஊரைக் கூட்டினேன். ஃபோர்மேன் அதை எடுத்து மெயினில் மாட்டினான். சுருள் சமர்த்தாக ரீங்காரம் போட்டது. அரை ஆம்பியர்கூட இழுக்கவில்லை.

மீட்டருக்குள் இருப்பது பேட்டரி. அதற்குத் தெரிவது கம்பியின் தடை மட்டும். திசை மாறி மாறி ஓடும் மின்சாரம் வந்தால் சுருள் தானே எதிர்த்து நிற்கும். அந்த மொத்த எதிர்ப்புக்குத்தான் இம்பீடன்ஸ் என்று பெயர். பயிற்சியின் முதல் வாரத்திலேயே படித்தது. அன்றைக்கு மறந்து தொலைத்தேன்.

சாயங்காலத்துக்குள் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு அது என் தெருவுக்கு வந்தது, வீட்டுக்குள் வந்தது. போன மாதம் என் மகள் கல்யாணத்தில் ஃபோர்மேன் மேடையேறி, மாப்பிள்ளையின் தோளில் கை போட்டுக்கொண்டு, கதையை முதலிலிருந்து சொன்னான். மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான்.

மகளும் சிரித்தாள்.

மெஷின் ஓட்டுகிற பெண் மட்டும்தான் என்னை அண்ணே என்று கூப்பிடுவாள்.

ஃபோர்மேன் சுவிட்சைப் போட்டான். இனி என்ன செய்வான் என்பது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். எந்த வேலை முடிந்தாலும் பக்கத்துத் தொட்டியில் உள்ளங்கையை முக்கி, மெஷினை ஓங்கி ஓர் அறை அறைவான். இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் தவறியதில்லை. ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிவதற்காகக் காத்திருந்தான்.

நானும் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்கு எரிந்தது. அவன் தொட்டி வரைக்கும் போனான். அப்புறம் என்ன தோன்றியதோ, திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தான்.

"புகார் சொன்னவங்களே வந்து தொடட்டும். கையை நல்லா நனைச்சுக்கம்மா, அப்பத்தான் பயம் போகும்."

அவள் தயங்கித் தயங்கி வந்தாள். கையைத் தண்ணீரில் விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தொடலாமாண்ணே?"

நான் கத்தினேன். "தொடாதம்மா! சத்தம் வந்தா மட்டும் பத்தாது. கரண்டு தாங்குதான்னு பாக்கணும். ஹீட்டரு போயிருக்கு!"

அவள் கை தண்ணீரிலேயே நின்றது. ஃபோர்மேன் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தான்.

"எத்தனை ஓமு?" என்றான்.

அவ்வளவுதான். கூடமே வெடித்துச் சிரித்தது. இஸ்திரிக்காரன் ஒருவன் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தான்.

அவளும் சிரித்துவிட்டாள். பயம் விட்டுப்போன சிரிப்பு அது. நீர் சொட்டும் கையைத் தொட்டியிலிருந்து எடுத்தாள்.

"போங்க நாலு ஓம் அண்ணே."

அவர்கள் நம்பக்கூடிய வாக்கியம் என்னிடம் ஒன்றே ஒன்று இருந்தது. அந்த ஆறு இழைகளும் தானாக அறுந்தவை இல்லை, இன்று காலை யாரும் வருவதற்கு முன்னால் நறுக்கியவன் நான், ஏழாவதை விட்டுவைத்தது மீட்டர் கத்துவதற்காக, எல்லாம் இந்த ஃபோர்மேனுடைய ஈரக் கைக்காக. முழுக்கக்கூடச் சொல்ல வேண்டாம். நான்தான் நறுக்கினேன் என்றால் போதும்.

அவள் கை மெஷினுக்குப் போய்ச் சேர ஒரு நொடி ஆகும். அதைச் சொல்லவும் ஒரு நொடிதான் ஆகும்.

நான் பைக்குள் இருந்த கட்டிங் பிளேயரை இன்னும் ஆழமாக உள்ளே தள்ளினேன்.