நத்தை ஏறிய ஏற்றம்

கண்ணாடித் தொட்டியில், தண்ணீருக்கு மேலே மூடியை ஒட்டி முட்டையிட்ட நாளிலிருந்து நத்தைக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"மூணு வாரமாச்சு, ஒண்ணுகூடப் பொரியலை. பிள்ளைங்க தண்ணியில்லாம தவிக்குதுங்க. நானே போய் உள்ளே தள்ளிவிட்டுடறேன்."

"முட்டை தண்ணியில விழுந்தா அழுகிடும், அக்கா. கொஞ்சம் சும்மா இருங்க," என்று கெஞ்சியது இறால்.

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

நத்தை கண்ணாடியில் ஏறியது. பாதியில் காற்றுக்குமிழி மோதி விழுந்தது. மறுபடி ஏறி மறுபடி விழுந்தது. சாயங்காலம் ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தபோது, முட்டைகள் தானாகவே பொரிந்து, குஞ்சுகள் அதன் முதுகை உரசிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தன.

நத்தை மூச்சு வாங்க, கீழே இருந்த இறாலைப் பார்த்தது.

"பாத்தியா? உன் பேச்சைக் கேட்டு நான் சும்மா இருந்திருந்தா, இதுங்க இன்னும் முட்டைக்குள்ளேயேதான் கிடந்திருக்கும்!"