குட்டைக்கால் நாற்காலி

பந்து ஓனோராவின் கூரைக்கு மேலே பறந்து, முட்டைக்கோஸ் பாத்தியில் விழுந்து, காணாமல் போனது.

பின்னாலேயே நாற்பது ஆண்கள், வளைந்த மட்டைகளோடு வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்தார்கள். ஒருவன் உடைந்த தன் பல்லைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்திருந்தான்.

அயர்லாந்தில் டிப்பரேரிப் பக்கம் அந்தக் காலத்து ஆட்டத்துக்கு எல்லைக்கோடு கிடையாது, நடுவர் கிடையாது. குதிரைமயிரைச் சுருட்டித் தோலில் தைத்த பந்து. ஓடைக்கு இக்கரை ஊரும் அக்கரை ஊரும் வருஷத்துக்கு ஒருமுறை மோதும். எவன் அதைத் தன் ஊர் மாதா கோயில் வாசலில் போடுகிறானோ, அவன் ஊர் ஜெயித்தது.

அக்கரை ஓனோரா பிறந்த ஊர். இக்கரை வாழ்க்கைப்பட்ட ஊர்.

கல்யாணத்தன்று அக்கரையில் அவள் அம்மா வீட்டு நாற்காலி, ஒரு கால் குட்டை, புருஷன் ஃபின்டானைக் கவிழ்த்துவிட்டது. மச்சான்கள் மூன்று நாள் சிரித்தார்கள். அவன் சபதம் போட்டான்: நம் ஊர் ஜெயிக்கும்வரை நீ ஓடையைத் தாண்டக் கூடாது.

ஒன்பது வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று நேற்றுத்தான் தகவல் வந்தது. இன்றைக்கு ஜெயித்தால் நாளைக்குப் போ என்றுவிட்டான்.

காலையிலிருந்து ஓனோரா உருளைக்கிழங்கை நறுக்கவில்லை, கொன்றுகொண்டிருந்தாள்.

வாயெல்லாம் சேற்றோடு ஃபின்டான் வந்து, பந்து எங்கே என்று கத்தினான்.

"நான் எந்த ஊருக்காரின்னு மொதல்ல நீங்க முடிவு பண்ணுங்க. அப்புறம் சொல்றேன்."

முடிவு பண்ண அவனுக்கு நேரமில்லை. அக்கரைக்காரன்தான் ஒளித்திருப்பான், நீயும் அங்கே போய்த் தேடு, கூடை தூக்கிய பொம்பளையை எவனும் சந்தேகப்பட மாட்டான் என்று அவனே விரட்டினான்.

ஓனோரா கத்தியைத் துடைத்தாள். கிழங்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டினாள்.

இரண்டு ஊரும் நாலு நாள் தேடின. வைக்கோல் போர்களைப் பிரித்தார்கள். கிணற்றை இறைத்தார்கள். சந்தேகத்தின் பேரில் ஒரு வாத்தின் வயிற்றைக் கிழித்தார்கள்.

ஐந்தாம் நாள் ஃபின்டான் கொதித்துக்கொண்டு மாமியார் வீட்டுக்கு வந்தான். பந்து கிடைக்காமல் ஆட்டம் முடியாது, எவன் திருடியிருந்தாலும் கையை முறிப்பேன் என்று கத்திக்கொண்டே, கட்டிலோரத்தில் கிடந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

உட்கார்ந்த பிறகுதான் அது எந்த நாற்காலி என்று ஞாபகம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தான்.

நாற்காலியும் அசையவில்லை.

"இனிமே ஆடாது மாப்பிள்ளை," என்றாள் படுக்கையில் கிடந்த மாமியார். "எம்பொண்ணு முட்டுக் குடுத்துட்டா."

குட்டைக் காலுக்கு அடியில் குதிரைமயிர் இரண்டு இழை நீட்டிக்கொண்டிருந்தது.

பந்தின் மற்றப் பாதி ஓனோராவின் மடியில் இருந்தது. அவனைப் பார்த்தபடியே அதில் ஊசிகளைக் குத்திவைத்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொன்றாக.