சொர்ணவல்லிக்கு வந்த ஆசை

“இருக்கறதுலயே இதுதான் வெள்ளையா டாக்டரம்மா?”

பல் நிறங்களை வரிசையாகக் கோத்து வைத்திருந்த அட்டையில் கடைசிப் பல்லைத் தொட்டுக் கேட்டாள் சொர்ணவல்லி. வயது ஐம்பத்தேழு. அடுத்த மாதம் கணவர் அடைக்கலத்துக்கு அறுபதாங்கல்யாணம். போட்டோவில் தன் பல் பளிச்சென்று தெரியவேண்டுமாம்.

பல் டாக்டர் பிரகதீஸ்வரி சிரித்தார். “அவ்வளவு வெள்ளை வேணாம்மா, உங்க முகத்துக்கு ஒட்டாது. கொஞ்சம் கம்மியா வைப்போம். மொதல்ல ஈறு, சொத்தை எல்லாம் பாத்து, கறையச் சுத்தம் பண்ணிட்டுத்தான் மருந்து. ஈறுல படாம மறைச்சு வைப்பேன். ரெண்டு மூணு நாள் பல்லு கூசும், அப்புறம் சரியாயிரும். இந்த வயசுலயும் தாராளமாப் பண்ணலாம்.”

சொர்ணவல்லி தலையாட்டினாள். யாரோ மூன்றாம் மனுஷியின் பல்லைப் பற்றிப் பேசுவது போலத்தான் இருந்தது அவள் முகம்.

கதவோரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அடைக்கலத்துக்குத் தலை நிமிர முடியவில்லை. பொன்னமராவதியில் உரக்கடை வைத்திருப்பவர். நாலு பேர் வந்துபோகும் கடை. வருகிறவனெல்லாம் மூட்டையைத் தூக்குமுன், “என்னண்ணே, அண்ணி பல்லு வெளுக்கப் போறாங்களாமே?” என்று கேட்டுவிட்டுத்தான் தூக்கினான்.

சம்பந்தியம்மாள், “புதுப்பொண்ணு ஆகப்போறீக போல” என்று போனிலேயே சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரி பல்பொடிப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

சொர்ணவல்லிக்கு எதுவும் உறைக்கவில்லை. மனசு மரத்துப்போயிருந்தது. சிரித்தவர்களைச் சிரிக்க விட்டுவிட்டு உலை வைத்தாள், சோறு வடித்தாள், மறுநாள் காலையில் மறுபடியும் அதே பேச்சை எடுத்தாள்.

“கூட வரலேன்னா நான் மட்டும் பஸ் ஏறிப் போயிருவேன்” என்று அவள் சொன்னபிறகுதான் அடைக்கலம் மசிந்தார். புதுக்கோட்டைக்கு அவள் ஒருநாளும் தனியாக வந்ததில்லை. போகிற மானம் போகட்டும், பொண்டாட்டி தொலைந்துபோகாமல் இருந்தால் சரி என்று சட்டையை மாட்டிக்கொண்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடைக்குப் போனார்கள். ஆவி பறக்காத டீயை டீ என்றே ஒத்துக்கொள்ளாத மனிதர், அன்றைக்கு கிளாஸை முன்னால் வைத்துக்கொண்டு ஆடை படரும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆறிப்போச்சே, சூடா வேற சொல்லவா?” என்றாள் சொர்ணவல்லி.

“வேணாம், வேணாம். இப்பல்லாம் இப்புடித்தான் புடிக்குது” என்று தலையை வலப்பக்கமாகச் சாய்த்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். அவர் கிளாஸைக் கீழே வைக்கும்வரை அவள் கண்ணெடுக்கவில்லை.

மாடியேறி வந்ததும் வரவேற்பில் இருந்த பெண், “ஐயாவுக்கும் பேர் எழுதிக்கவா?” என்று கேட்டாள்.

“எனக்கெதுக்கும்மா? எனக்கு ஊசி போட வேண்டிய டாக்டரு இன்னும் பொறக்கவே இல்ல” என்றார் அடைக்கலம். அந்தப் பெருமையை மட்டும் அவர் எந்த ஊரிலும் சொல்லாமல் விட்டதில்லை.

இப்போது டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு, சாய்வு நாற்காலியைக் காட்டினார். “வாங்கம்மா, படுங்க. மொதல்ல பாத்துருவோம்.”

சொர்ணவல்லி இரண்டடி பின்னால் போனாள்.

“என்னம்மா?”

“பயமா இருக்கு டாக்டரம்மா. அவரு மொதல்ல படுக்கட்டும். வலிக்குதா இல்லையான்னு நான் பாத்துக்கிறேன்.”

“ஏண்டி, ஒரு மாசமா என் உசிர வாங்குனவ நீ. இப்ப பயமா இருக்காக்கும்?” என்றார் அடைக்கலம். கோபமாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

“சும்மா படுத்துக் காட்டுங்களேன். எனக்குத் தைரியம் வரும்.”

“சரி, ஐயா வந்து படுங்க. ஒண்ணும் பண்ண மாட்டேன், சும்மா பாக்குறதுதான்” என்றார் டாக்டர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. பல் வெளுக்க வந்த அம்மாக்களில் இப்படிப் பயந்தவர்கள் நிறைய.

அடைக்கலம் செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, மாடு பிடிக்கப் போகிறவரைப் போல வந்து நாற்காலியில் சாய்ந்தார். “நல்லாப் பாத்துக்க. இதுக்குப்போயி பயந்துக்கிட்டு” என்றார் மனைவியிடம். தலைக்கு மேல் விளக்கு எரிந்தது.

“ஆ காட்டுங்க ஐயா.”

முன்பல் தெரிகிற அளவுக்குத் திறந்தார்.

“இன்னும் நல்லாத் தொறங்க.”

“போதும்ல டாக்டரம்மா? போட்டோவுல முன்பல்லுதான தெரியப்போவுது” என்று எழுந்திருக்கப் பார்த்தார் அடைக்கலம்.

எழ முடியவில்லை. சொர்ணவல்லி இரண்டு கைகளாலும் அவர் தோளை அழுத்திப் பிடித்திருந்தாள். ஊர் சிரித்தபோதெல்லாம் வராத அழுகை இப்போது அவளுக்கு வந்துவிட்டது.

“என் பல்லு கெடக்கட்டும் டாக்டரம்மா. இவரு எடது கன்னத்துக்குள்ள ஒரு புண்ணு மாசக்கணக்கா ஆறாமக் கெடக்கு, அதப் பாருங்க.”