படத்தில் மின்னிய முட்டை

செவலைக்கோழி ஒன்று இணையத்தில் படம் போட்டு முட்டை வியாபாரம் தொடங்கியது. ஒரு வாரமாகியும் ஒரு முட்டைகூடப் போகவில்லை.

"உன் படம் சரியில்லக்கா," என்றது செல்போன் வைத்திருந்த வெள்ளாடு. "நான் எடுக்கிறேன் பாரு."

முட்டை பளபளக்கட்டும் என்று ஆடு எண்ணெய் தடவியது. அது வழுக்கி உருண்டோடியது. அழகுக்குப் பக்கத்தில் செம்பருத்தி வைத்தது. அதைத் தானே தின்றுவிட்டது. கடைசியில் முட்டையை போனுக்கு மிக அருகில் வைத்துவிட்டு, "அக்கா, நீ அந்த வேலியோரம் போய் நில்லு. சிரி," என்றது.

படத்தில் முட்டை பூசணிக்காய் அளவுக்கு மின்னியது. கோழி பின்னால் சுண்டைக்காயாய் நின்றது.

"அடேயப்பா, நானா இட்டேன்?" என்று கோழியே பூரித்துப்போனது.

மறுநாள் டீக்கடைக் குரங்கிடமிருந்து செய்தி வந்தது: "ஒரே முட்டையில் ஊருக்கே ஆஃப்பாயில் போடலாம் போலிருக்கே! படத்தில் இருக்கும் அதே அளவில் பத்து வேண்டும். நாளைக்கு வந்து அளந்துதான் வாங்குவேன்."

கோழி படத்தைப் பார்த்தது. திரும்பித் தன் வாலைப் பார்த்தது. பிறகு வைக்கோல் கூடையை ஆட்டின் பக்கம் தள்ளியது.

"உக்காரு தம்பி," என்றது. "படம் எடுத்தது நீதானே? நீயே முக்கு."