பெயர்நாள் விருந்தாளி

"அவர் வராம நான் கேக் வெட்ட மாட்டேன்!" என்றார் எலெமேர்.

"அவர் வருவார்னு என்ன நிச்சயம்?" என்று மனைவி பிரோஷ்கா அலுத்துக்கொண்டாள். "ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்ல?"

"பெயர்நாளுக்கு யாரு யாரைக் கூப்பிடுறா? வாசல் திறந்திருக்கு, வருவார்."

நாட்காட்டியில் தன் பெயருக்கென்று குறித்த நாளைக் கொண்டாடுபவர் வீட்டுக்கு அழைக்காமலே போய் வாழ்த்துவது ஹங்கேரி வழக்கம். வீடு நிரம்பி வழிந்தது. நாற்பது வருடக் கம்யூனிஸ்ட் ஆட்சிக்குப் பிறகு ஹங்கேரியில் அடுத்த மாதம் நியாயமான தேர்தல். வேதியியல் விஞ்ஞானி எலெமேர்தான் செகெட் நகரத்தின் வேட்பாளர். ஜெயிப்பது உறுதி என்று ஊரே சொன்னது. அரசாங்கத்தை எதிர்த்துக் கையெழுத்துப் போட்டதற்காக ஆய்வுக்கூடத்திலிருந்து அவரை விரட்டிய பின் வந்த ஐந்து வருடங்களில், இதே பெயர்நாளில் பிரோஷ்கா சுட்ட ரொட்டியெல்லாம் தட்டிலேயே காய்ந்தது. ஒரு நண்பர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

"யாருய்யா அந்தப் பெரிய மனுஷன்?" வாய் நிறைய ரொட்டியோடு கேட்டார் பழைய சகா வில்மோஷ். "மந்திரியா?"

"அந்த அஞ்சு வருஷமும் என் பெயர்நாளைத் தவற விடாத ஒரே ஆளு. பனி கொட்டினாலும் வந்துடுவார்."

வில்மோஷின் முகம் சுருங்கியது. "எனக்கும் வரணும்னுதான்... வேலை, புள்ளைங்கன்னு..."

"விடுப்பா, உன்மேல கோபமே இல்ல. போன வருஷம் டிராம் நிறுத்தத்துல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தேன். எல்லாரும் ஒதுங்கிப் போனாங்க. அவர்தான் என்னைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இன்னிக்கு நான் உசுரோட நிக்கிறதே அவராலதான். அதை உங்க எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

அழைப்பு மணி அடித்தது. எலெமேர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். கையில் பூங்கொத்தோடு, உள்ளே வரத் தயங்கி நின்றார் ஒல்லியான ஒருவர்.

"வாங்க போட்னார், வாங்க!" என்று அவரை இறுக்கி அணைத்துக்கொண்டார் எலெமேர். கண் கலங்கிவிட்டது. பிரோஷ்கா முதல் கோப்பை பிளம் சாராயத்தை அவர் கையில் கொடுத்தாள்.

வில்மோஷ் கை நீட்டினார். "எலெமேருக்கு ரொம்ப நெருங்கின சிநேகிதரோ?"

போட்னார் தலைகுனிந்தார்.

"இல்லீங்க, நான் ரகசிய போலீஸ்ல இருந்தேன். அஞ்சு வருஷமா எதிர்ல காரை நிறுத்தி இந்த வீட்டைக் கண்காணிச்சேன், இவர் போற இடமெல்லாம் பின்னாலயே போனேன். நீங்க யாரும் இங்க வராததுக்குக் காரணமே நான்தான். இன்னிக்குத்தான் யாரும் அனுப்பாம நானா வந்திருக்கேன்."